மிளகாய் வருமுன்: வாரங்கல், பீதர், கோல்கொண்டா வழியாக நம் திவசச் சமையல் வரை

ஹைதராபாத்துக்கு வரும் உறவினர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் சார்மினார், சாலார் ஜங் அருங்காட்சியகம், பிர்லா மந்திர், ராமோஜி பிலிம் சிட்டி என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த நகரைச் சுற்றி, காரில் மூன்று மணி நேரத் தொலைவுக்குள், தக்காணத்தின் எழுநூறு எண்ணூறு வருஷச் சரித்திரம் பரந்து கிடக்கிறது. அதைப் பார்க்கப் போன எங்கள் குடும்பப் பயணம், எதிர்பாராத விதமாக நம் அடுக்களையின் சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது. பல ஊர்களில் வசிக்கும் நம் உறுப்பினர்களுக்கு அது பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கடந்த டிசம்பரில் டல்லாஸிலிருந்து எங்கள் மகளும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தியுடன் வந்திருந்தனர். அதற்கு முந்தைய நவம்பரில் அவர்கள் மெக்சிகோ சென்று, மெக்சிகோ நகரம், புவேப்லா, வஹாகா ஆகிய பழைய ஊர்களைச் சுற்றிப் பார்த்தவர்கள். சைவச் சாப்பாட்டுக்குச் சிரமமில்லை, சோள ரொட்டியும் அவரை வகைகளும் தாராளமாகக் கிடைக்கின்றன என்றாள் மகள். ஆனால் வேகவைத்து மசித்த அவரையைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களாம். கேட்டுத் தெரிந்துகொண்டே சாப்பிட வேண்டும். போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வந்த மறுநாளே பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஆரம்பித்துவிட்டான்: "தாத்தா, பாட்டி பண்ற ரசத்துல மிளகாயும் தக்காளியும் மெக்சிகோலேருந்து வந்தது. அது ரெண்டும் வரதுக்கு முன்னாடி நாம என்ன சாப்டுண்டிருந்தோம்?"

"நன்னா இருக்குடா! எங்க பாட்டி கும்பகோணத்துல வெச்ச ரசம், மெக்சிகோலேருந்து கப்பல்ல வந்துதாக்கும்?" என்றாள் என் மனைவி.

கேள்வி நியாயமானது. ஆகவே வாரங்கல், பீதர், கோல்கொண்டா என்று மூன்று ஊர்களுக்குப் போவது, ஒவ்வொரு ஊரிலும் கோட்டையைப் பார்ப்பதோடு "இங்கே அன்று என்ன சாப்பிட்டார்கள்?" என்றும் விசாரிப்பது என்று முடிவு செய்தோம்.

வாரங்கல்: மிளகின் காலம்

ஹைதராபாத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஹனுமகொண்டாவின் ஆயிரங்கால் மண்டபக் கோயில் 1163-ல் காகதீய மன்னர் ருத்ரதேவர் கட்டியது. அங்கிருந்து மேலும் சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் பாலம்பேட்டையில் ராமப்பா கோயில். கணபதிதேவரின் தளபதி ரேச்சர்ல ருத்ரன் 1213-ல் எழுப்பிய இந்தக் கோயிலை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விமானத்துக்குப் பயன்பட்ட செங்கல் நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்தது. அஸ்திவாரத்தில் மணலை நிரப்பி அதன்மேல் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் அங்கேயே அரை நாள் நின்றிருப்பேன். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததால் நகர்ந்தேன்.

காகதீயர் காலத்து வாணிபத்துக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. கடற்கரைத் துறைமுகமான மோட்டுப்பள்ளியில் கணபதிதேவர் 1244-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட அபய சாசனம், கடல் வணிகர்களுக்குப் பாதுகாப்பு அளித்து, சரக்குகளுக்கான சுங்கத்தையும் நிர்ணயிக்கிறது. அந்தப் பட்டியலில் சந்தனம், கற்பூரம், முத்து, பட்டு ஆகியவற்றுடன் மிளகும் இருக்கிறது. மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது.

சாப்பாட்டுக்கும் ஒரு சாட்சி உண்டு. 'கிரீடாபிராமம்' என்ற பழைய தெலுங்கு நூலில் மஞ்சன சர்மா என்ற பிராமணரும் டிட்டிப செட்டி என்ற அவருடைய நண்பரும் ஓருகல்லு என்கிற வாரங்கல் நகரை ஒரு நாள் முழுக்கச் சுற்றி வருகிறார்கள். வழியில் ஒரு 'பூடகூள்ள இல்லு', அதாவது காசு கொடுத்துச் சாப்பிடும் வீடு வருகிறது. நம் பாஷையில் சொன்னால் 'மெஸ்'! ஒரு ரூகாவுக்கு அங்கே கிடைத்த சாப்பாட்டில் உயர்ந்த ரக அரிசிச் சாதம், கோதுமைப் பண்டம், பருப்பு, புது நெய், காய்கறி, வாழைப்பழம், தயிர் எல்லாம் உண்டு. இன்றும் இதை வயிறாரச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கு ரோஸ்ட் மட்டும் கிடைத்திருக்காது.

1323-ல் டில்லிப் படையிடம் வாரங்கல் வீழ்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1325-ல், மெக்சிகோவில் ஓர் ஏரித் தீவில் அஸ்தெக் மக்கள் தெனோச்தித்லான் நகரை நிறுவினார்கள் என்பது அந்நாட்டு மரபு. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் அவர்களுடைய அன்றாட உணவு. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு உலகங்கள் தனித்தனியே சமைத்துக்கொண்டிருந்தன.

இன்றைய வாரங்கலோ மிளகாய்க்குப் பெயர் போன ஊர். எனுமாமுல சந்தையில் சிவப்பு மூட்டைகள் மலைமலையாகக் குவிந்திருக்க, தும்மாமல் நடக்க முடியவில்லை. பார்ப்பதற்குச் சிறு தக்காளி போலிருக்கும் 'சபாட்டா' மிளகாய்க்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மெக்சிகோ விருந்தாளி வாரங்கல் பிரஜையாகி, பட்டாவும் வாங்கிவிட்டார்.

மாலையில் இரண்டு தெலங்கானாப் பண்டங்களைச் சாப்பிட்டோம். ஒன்று, சங்கராந்திக்குச் செய்யும் சகினாலு: அரிசி மாவு, எள், ஓமம், உப்பு. நம் கைமுறுக்குக்கு நெருங்கிய உறவு. இன்னொன்று சர்வபிண்டி: அரிசி மாவு, கடலைப் பருப்பு, எள் ஆகியவற்றுடன் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டும் அடை. பேரன் உடனே கணக்குப் போட்டான்: "சகினாலு மெக்சிகோவுக்கு முன்னாடி, சர்வபிண்டி பின்னாடி."

பீதர்: ஒரு ருஷ்யரின் சாட்சி

அடுத்து, ஹைதராபாத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், இப்போது கர்நாடகத்தில் இருக்கும் பீதர். 1420-களில் பாமனி சுல்தான் அகமது ஷா குல்பர்காவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். மந்திரி மகமூது கவான் 1472-ல் கட்டிய மதரஸாவின் முகப்பில் வண்ண ஓடுகள் இன்னமும் மிச்சமிருக்கின்றன. பொய்யான குற்றச்சாட்டின் பேரில் 1481-ல் சுல்தானே அந்த நல்ல மந்திரிக்கு மரண தண்டனை விதித்தார்.

இங்கே பிதிரி வேலைப்பாட்டையும் பார்த்தோம். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்த பாத்திரத்தில் வெள்ளிக் கம்பி பதித்து, கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் கரைத்துப் பூசுகிறார்கள். உலோகம் கருத்துவிடுகிறது; வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கிறது. கைவினைஞர்கள் கோட்டை மண்ணை நாக்கில் வைத்தே தரம் பார்ப்பார்களாம்.

நம் விசாரணைக்கு வேண்டிய முக்கியமான சாட்சி பீதரில்தான் கிடைத்தார். அஃபனாசி நிகிதின் என்ற ருஷ்ய வணிகர் 1469-ல் இங்கே வந்து, தாம் கண்டதையெல்லாம் குறித்து வைத்தார். இங்குள்ள ஹிந்துக்களில் பலர் மாமிசம் உண்பதில்லை, வலக்கையால் சாப்பிடுகிறார்கள், பிறர் பார்க்கச் சாப்பிட விரும்புவதில்லை, அரிசியும் நெய் விட்ட கிச்சடியும் கீரைகளுமே அவர்களுடைய ஆகாரம் என்கிறார். வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். அதாவது, ஐரோப்பியர் கடல் வழியாக வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பு, மிளகாயைக் கண்டறியாத நம் முன்னோரின் சாப்பாட்டை நேரில் பார்த்தவர் அவர். கிச்சடியும் நெய்யும் என்றால் நம் வெண்பொங்கல்தானே!

கோல்கொண்டா: இரண்டு உலகங்கள் சேர்ந்த குழம்பு

கோல்கொண்டாவின் வாயிலில் கை தட்டினால் உச்சியில் கேட்கும் அதிசயத்தையும், பத்ராசலம் ராமதாசர் சிறையிருந்த அறையையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குதுப் ஷாஹி ஆட்சி இங்கே 1518-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1519-ல், ஸ்பெயின் நாட்டுக் கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கினார். 1521-ல் தெனோச்தித்லான் அழிந்தது. 1510-லேயே போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்திருந்தனர். அவர்கள் கப்பல்களில் வந்த அமெரிக்கப் பயிர்களில் மிளகாய்தான் மிக வேகமாகப் பரவியது. 1591-ல் முகம்மது குலி ஹைதராபாத்தை நிறுவியபோது அது தென்னாட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் அதே சமயத்தில் அக்பர் அரண்மனையில் எழுதப்பட்ட ஐன்-இ-அக்பரியின் சமையல் குறிப்புகளில் காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான், மிளகாய் கிடையாது.

இந்த ஆராய்ச்சியில் ஹைதராபாத்துக்கு ஒரு பெருமை உண்டு. இந்திய உணவின் சரித்திரத்தை முறையாக எழுதிய கே.டி. அச்சயா (1923–2002) அடிப்படையில் ஓர் எண்ணெய் ரசாயன விஞ்ஞானி. இங்குள்ள மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில், அதாவது இன்றைய இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். பச்சையாக இருந்து பழுத்துச் சிவக்கும் மிளகாயை வர்ணிக்கும் ஒரு பாடலைக் கர்நாடக சங்கீத பிதாமகர் புரந்தரதாசருடையது என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். தாசரின் காலம் 1484–1564. மிளகாய் வந்த வேகத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கோட்டையிலிருந்து திரும்பும்போது ஒரு சைவ உணவு விடுதியில் 'மிர்ச்சி கா சாலன்' சாப்பிட்டோம். எள், கொப்பரை, புளி, வேர்க்கடலை ஆகியவற்றை அரைத்த குழம்பில் நீளப் பச்சை மிளகாய். மகள் ஒரு வாய் சாப்பிட்டதும், "அப்பா, புவேப்லால 'மோலே'ன்னு ஒண்ணு குடுத்தா. மிளகாய், எள்ளு, பட்டை, கிராம்பு எல்லாம் அரைச்சு விட்டது. கிட்டத்தட்ட இதேதான்" என்றாள். நியாயந்தான். எள்ளும் பட்டையும் கிராம்பும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனவை. புளியும் கூடவே போயிற்று. இன்று மெக்சிகோக்காரர்கள் புளியில் பானகம் போன்ற பானம் செய்கிறார்கள். புளியில் மிளகாய்ப்பொடி தூவிய மிட்டாயும் அங்கே பிரசித்தம்.

பெயரிலேயே சரித்திரம்

வந்தவை எவை என்பதைக் கண்டுபிடிக்கப் பெயர்களே போதும். மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய். கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. தெலுங்கில் மிரியம், மிரபகாய. மூன்று மொழிகளிலும் புதியவருக்குப் பழையவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பரங்கியர் காலத்தில் வந்தது பரங்கிக்காய். மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. நம் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்ற பெயர் அந்த மணிலாவை நினைவூட்டுவதே. சிறுவயதில் நாம் கல்லெறிந்து தின்ற கொடுக்காப்புளியும் மெக்சிகோ மரம். தெலுங்கில் சீமச்சிந்தகாய, அதாவது சீமைப்புளி. சப்போட்டா என்ற சொல்லே அஸ்தெக் மக்களின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது. செகந்திராபாத்தில் ஒரு பேட்டைக்கே பெயர் தந்த சீதாப்பழமும் அமெரிக்காவின் உறவுதான். தக்காளி மிகவும் பின்னால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்கூட இந்தியாவில் அது பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராயிற்று.

பயிர் வந்தது, பக்குவம் வரவில்லை

ஒரு பயிர் பயணம் செய்யும்போது அதைச் சமைக்கும் பக்குவமும் கூடவே போக வேண்டும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, பிறகே அரைப்பார்கள். அதனால் அதில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேருகிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்றார்கள்; சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா என்ற நோய் இத்தாலியிலும் பிற இடங்களிலும் வாட்டியது. நம் தக்காணத்தில் ஜோன்ன ரொட்டி மட்டுமே உண்ட ஏழைகளிடமும் இந்த நோய் இருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்து, ஜோன்னத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்று 1960-ல் எழுதினார். பாட்டி சொன்ன பக்குவத்தை 'எதற்கு இந்த வேலை' என்று விட்டுவிடுவதற்கு முன் ஒரு முறை யோசிப்பது நல்லது.

திவசச் சமையல் என்னும் ஆவணம்

எங்கள் தகப்பனாரின் சிராத்தம் மார்கழி அபர பட்சத்தில் வருகிறது. பயணம் முடிந்த மறுவாரமே திவசம். வழக்கமான சமையற்காரர் போனில், "மாமா, இப்போ நிறைய ஆத்துல பீன்ஸ், உருளைக்கிழங்கெல்லாம் போட்டுக்கறா. ரெண்டு பச்சை மிளகாயும் சேத்துண்டா எனக்கும் வேலை சுலபம்" என்றார். "நம்ப ஆத்துப் பழக்கம் என்னவோ அதுவே இருக்கட்டும்" என்று என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

அன்று இலையில் விழுந்தவை: வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, புடலங்காய், பயத்தம்பருப்பு, பிரண்டைத் துவையல், இஞ்சி, மாங்காய், மிளகு ரசம், எள்ளுருண்டை, உளுந்து வடை, அதிரசம். பேரன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "தாத்தா, மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. நிகிதின் பார்த்த சாப்பாடு இதுதானா?" என்று கேட்டான். மூன்று கோட்டைகளிலும் தேடிய விடை எங்கள் வீட்டு வாழையிலையில் இருந்தது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்நியம் என்ற ஒரே காரணத்தால் விலக்கினார்கள் என்றால், நம் மண்ணிலேயே விளையும் கத்திரிக்காய், முருங்கைக்காய், முள்ளங்கியைப் பல வீடுகளில் ஏன் விலக்குகிறார்கள்? மறுபுறம், அமெரிக்காவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பல வீடுகளில் திவசத்துக்கே சேர்க்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: சிராத்தத்துக்கு உகந்தவை என்று ஒரு பட்டியல் வெகு காலமாக இருந்தது. அதில் இல்லாத புதுக் காய்கள் அன்றாடச் சமையலுக்குள் எளிதில் நுழைந்தன. அந்த ஒரு நாளுக்குள் மட்டும் அநேகமாக நுழையவில்லை. கோயில் மடைப்பள்ளிகளிலும் இதைக் காணலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு. பூரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் இல்லை. ஆனால் திருப்பதி லட்டுவில் பிரேசில் நாட்டு முந்திரி இருக்கிறது!

அவர்களுக்கும் ஒரு பித்ரு நாள்

பேரன் இன்னொன்றும் சொன்னான். அவர்கள் வஹாகாவில் இருந்தது நவம்பர் 1, 2 தேதிகளில். மெக்சிகோவில் அவை இறந்தவர்களுக்கான நாட்கள். வீட்டில் மேடை அமைத்து, மூதாதையரின் படம் வைத்து, தண்ணீர், உப்பு, அவர்களுக்குப் பிடித்த பண்டங்கள் எல்லாம் படைத்து, துலுக்கச் சாமந்திப் பூவால் வழி போடுகிறார்கள். யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் 2008-ல் இந்த வழக்கத்தையும் 2010-ல் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சாமந்தியும் மெக்சிகோப் பூதான். தெலங்கானாவில் பதுக்கம்மா அடுக்கும்போது 'பந்தி' என்று இடம்பெறுவதும், நம் வாசல் தோரணங்களில் தொங்குவதும் அதுவே.

அவர்கள் முன்னோர்க்குப் படைக்கும் மோலேயில் நம் எள் இருக்கிறது. நம் முன்னோர்க்கு இடும் இலையில் அவர்களுடைய மிளகாய் இல்லை. இதில் யார் உயர்வு, யார் தாழ்வு என்ற பேச்சே இல்லை. முன்னோர் உண்டதை ஆண்டுக்கொரு முறை நினைவாகச் சமைப்பது இரண்டு தேசங்களுக்கும் பொதுவாக இருக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

என் கவலை வேறு. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இன்று ஹிரண்யமாகத் திவசத்தை முடித்துவிடுகிறார்கள். வாத்தியாரும் சமையற்காரரும் கிடைக்காத ஊரில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சமையல் நின்றுவிட்டால் பட்டியலும் ஒரு தலைமுறையில் மறந்துபோகும். வடமாள் வீட்டுப் பழக்கம் வேறு, பிருகசரணம் வேறு, ஐயங்கார் தளிகை வேறு. தஞ்சாவூர் வேறு, பாலக்காடு வேறு. இவை எந்தச் சாசனத்திலும் பொறிக்கப்படவில்லை. எண்பது வயதைக் கடந்த மாமிகளின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் திவசத்தில் சேர்க்கும் காய்கள், விலக்கும் காய்கள், பட்சணங்கள், செய்யும் பக்குவம், உங்கள் பூர்வீக ஊர் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதன் பிரதி ஒன்றை நம் இதழுக்கு அனுப்புங்கள். ஆசிரியர் குழு இசைந்தால், வந்தவற்றை ஊர்வாரியாகத் தொகுத்துத் தர நான் தயாராக இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பட்டியலைப் பேரன் தமிழில் எழுத்துக் கூட்டி எழுதி முடித்துவிட்டான். பிரண்டைக்கு மட்டும் இரண்டு சுழி 'ன' போட்டிருந்தான். பாட்டி திருத்திக் கொடுத்தாள்.